பிழை எழுதத் தெரியாத புல்ஸ்ரொப் மாஸ்ரர்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்துக்குப் பயந்தவர்கள் ஏராளம். நானே அந்தக் கூட்டத்தின் முன்வரிசைக்காரன். ஆனால் ஆங்கிலமே பயந்து நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் புல்ஸ்ரொப் மாஸ்ரர்தான். பருத்தித்துறையிலிருந்து பண்ணைப் பாலம் வரைக்கும் எந்தப் பெயர்ப்பலகையிலாவது ஒரு சொல் இடம்மாறி நின்றால், அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டவுடன் அது தானாகவே ஓடிப்போய்ச் சரியான இடத்தில் நின்றுகொள்ளும் என்று எங்கள் மாணவர்கள் சத்தியம் செய்வார்கள்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. பேச்சு முடிந்தது என்பதற்கு முற்றுப்புள்ளியாக ஆட்காட்டி விரலால் எதிரே இருப்பதில் ஒரு தட்டுத் தட்டி, "புல்ஸ்ரொப்" என்பார். கடையில் போய் "கால் கிலோ சீனி, புல்ஸ்ரொப்" என்பார். எதிரே மேசை இருந்தால் தட்டு மேசையில் விழும். இல்லாவிட்டால் நிற்பவரின் தோளில் விழும். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்தபடியே வைத்தியரின் நெற்றியில் தட்டினார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன்.

இணுவிலில் ஒரு ரியூட்டறியில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். ரியூட்டறி என்றால், பள்ளிக்கூடம் விட்ட களைப்பு ஆறுமுன்னர் பிள்ளைகள் ஓடிப்போய் உட்காரும் இரண்டாவது பள்ளிக்கூடம். நான் கணிதம், அவர் ஆங்கிலம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டி. அது பார்வையை மட்டும்தான் மறைத்தது. என்னுடைய பிள்ளைகள் முக்கோணத்தைப் பற்றிப் படித்ததைவிட, தகரத்துக்கு அந்தப் பக்கத்து ஆங்கிலத்தைப் படித்ததுதான் அதிகம்.

மாஸ்ரர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அரியாலையில் தனி வீடு. மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பென்சன் வந்தது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் வெயிலோ மழையோ அரியாலையிலிருந்து இணுவில் வரைக்கும் சைக்கிள் மிதித்து வருவார். வகுப்பு இல்லாத நாட்களில் அவர் கதைப்பது வானொலியில் செய்தி வாசிப்பவரோடு மட்டும்தான். அதுவும் அந்தச் செய்தியைத் திருத்துவதற்கு.

அவருடைய வகுப்பு ஒரு திருவிழா. பிழைகள் நிறைந்த ஒரு வாசிப்புப் பந்தியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, தானே அதைக் கம்பீரமாக வாசிப்பார். பிழை வரும் இடத்தில் பிள்ளைகள் எல்லாரும் தாங்கள் இருக்கும் வாங்கை ஓங்கி ஒரு அடி அடித்து, சரியான சொல்லை ஒரே குரலில் கத்த வேண்டும். கத்தாவிட்டால் மாஸ்ரர் அதே வசனத்தைத் திரும்ப வாசிப்பார். இந்த முறை குரலில் பல்வலி தெரியும். மூன்றாம் முறை வாசிக்கும்போது வயிற்றுவலியும் சேர்ந்துகொள்ளும். குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் அந்தோனி அண்ணை, வீதியில் நிறுத்தித் தராசில் மீன் நிறுத்துக்கொண்டே, பிள்ளைகளோடு சேர்ந்து சரியான சொல்லைக் கத்துவார். மீன்பெட்டி மூடியில் ஒரு அடியும் விழும்.

இத்தனைக்கும் மாஸ்ரரிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவருக்குப் பிழை எழுதத் தெரியாது.

மற்ற ஆங்கில மாஸ்ரர்மார் ஒரு நல்ல பந்தியை எடுத்து, நாலைந்து இடத்தில் கெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இவருக்குக் கை வராது. ஒருநாள் அவர் முயற்சி செய்ததை நான் கண்ணால் கண்டேன். முகமெல்லாம் வேர்க்க ஒரு பிழையான சொல்லை எழுதினார். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் காணாதபடி சுற்றுமுற்றும் பார்த்து, அதைச் சரியாக்கிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஏன் சேர், சும்மா ஒரு பிழைதானே?" என்றேன்.

"தம்பி, நித்திரை கொள்ளுற பச்சைப் பிள்ளையைக் கிள்ளச் சொல்லுறீர். என்னாலை ஏலாது, புல்ஸ்ரொப்." தட்டு என் தோளில் விழுந்தது.

"போனிலை இருக்கிற ஏஐயிட்டைக் கேட்டால் பிழையோடை ஒரு பந்தி உடனை எழுதித் தருமே?"

"உது தாற பிழையிலை உயிரில்லை. பிழை எண்டால் ஒரு மனுசன் இதுதான் சரியெண்டு முழுசாய் நம்பி விட்டதாய் இருக்கவேணும்."

அதனால் அவர் உயிருள்ள பிழைகளைத் தேடிக் குடாநாடெங்கும் அலைந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையின் விலைப் பலகையில் கோழி வாடிக்கையாளரைச் சாப்பிடுவதுபோல் வசனம் அமைந்திருந்தது. ஒரு சலூன் பலகை, முடிக்குப் பதிலாகத் தலையையே வெட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தது. எல்லாம் வாசிப்புப் பந்தியாக மாறும். வகுப்பு முடிந்த கையோடு மாஸ்ரர் நேரே அந்தக் கடைக்குப் போய், பலகையைத் திருத்தச் சொல்லி நிற்பார். திருத்தும்வரை விடமாட்டார்.

"மாஸ்ரர், கன காலமாய் உந்தப் பலகை இதிலை தொங்குது. இதுவரைக்கும் ஒருத்தன்ரை தலையும் போகேல்லையே" என்று சலூன்காரர் அழாக்குறையாகச் சொன்னார்.

"போனாப் பிறகு திருத்தி என்ன பிரயோசனம்?" என்றார் மாஸ்ரர். பெயின்ற் வாளியையும் அவரே கொண்டுபோயிருந்தார்.

பலகைகளோடு நின்றிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஒருமுறை கலியாண அழைப்பிதழ்க் காட் ஒன்று கையில் அகப்பட்டது. ஒரு பக்கம் அருமையான தமிழ். மறுபக்கம் வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தின்படி பார்த்தால், தாலி கட்டப்போவது மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் தகப்பன். மாஸ்ரர் பெயர்களைக்கூட மாற்றாமல் அதை அப்படியே வகுப்பில் வாசித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கலியாணப் பெண்ணின் தங்கை ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த வகுப்பில்தான் மூன்றாம் வாங்கில் இருந்தாள்.

அடுத்தநாள் பெண்ணின் தகப்பன் குடையோடு வந்தார். மழையில்லாத நாள்.

"ஆர் இஞ்சை இங்கிலீசு மாஸ்ரர்? என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை வைச்சுப் பகிடி பண்ணுறியளோ?"

மாஸ்ரர் கலியாணக் காட்டை எடுத்து நீட்டி, எந்த வசனம் என்ன சொல்கிறது என்று மெதுவாக விளக்கினார். தகப்பனின் குடை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"ஐயோ மாஸ்ரர், ஊரெல்லாம் குடுத்துப்போட்டனே! சம்பந்தியின்ரை வீட்டையும் குடுத்துப்போட்டன்!"

"அப்ப என்ன, ஊரெல்லாம் ஒருக்காப் போய்த் திருத்துவம்."

எங்கள் பக்கத்தில் கலியாணக் காட்டை வீசிவிட்டு வரமுடியாது. வீட்டுக்குள் போக வேண்டும், இருந்து பேச வேண்டும், வாயால் கலியாணம் சொல்ல வேண்டும், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். இந்த மரியாதையெல்லாம் இரண்டாம் முறையும் நடந்தது. தகப்பன் மோட்டார் சைக்கிள் ஓட, பின்னால் மாஸ்ரர் சிவப்புப் பேனையோடு.

"அண்ணை, போன கிழமைதானே வந்து சொன்னனீங்கள்?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"ஓம் பிள்ளை, சொன்னனான். ஆருக்குக் கலியாணம் எண்டதிலை ஒரு சின்னத் திருத்தம் இருக்கு" என்றாராம் தகப்பன்.

எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, பலகாரம். மாஸ்ரரை மாப்பிள்ளை பகுதிப் பெரியவர் என்று நினைத்துச் சில வீடுகளில் சாப்பாடும் கிடைத்தது. கலியாணத்தில் அவருக்கு முன்வரிசைக் கதிரை. பெண்ணின் தகப்பன் அவரைக் கட்டிப்பிடித்ததை நான் பார்த்தேன்.

ஆனால் எங்கள் டிரெக்டருக்கு அது போதவில்லை. டிரெக்டர் என்றால் ரியூட்டறியின் முதலாளி. வெயிலிலும் கழுத்தில் ரை கட்டுகிறவர், முறைப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே ரை இறுகிவிடும். மாஸ்ரரைக் கூப்பிட்டு, "மாஸ்ரர், இதுதான் கடைசி. இன்னொருக்கா ஏதும் பிரச்சினை வந்தால் வகுப்பை வேறை ஆளிட்டைக் குடுத்துப்போடுவன்" என்றார்.

அன்று மாலை மாஸ்ரர் என் வகுப்புக்குள் வந்து, கடைசி வாங்கில் இருந்தார். விரல் எதையும் தட்டவில்லை.

"தம்பி, வகுப்பு இல்லாட்டி நான் காலமை எழும்பி என்ன செய்யிறது?"

"ஒண்டும் நடக்காது சேர்" என்று சும்மா சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் மிகவும் கவனமாகிவிட்டார். பெயர் உள்ள எதையும் தொடுவதில்லை. கலியாணம், சாமத்தியவீடு என்று எந்தக் கொண்டாட்டத்தின் பக்கமும் போவதில்லை. அப்படிக் கவனமாக இருந்த மனிதருக்குத்தான் வினை வேறு வழியால் வந்தது. எங்கள் டிரெக்டர் சிக்கனக்காரர். ஒரு பக்கம் அச்சடித்துப் பழுதாய்ப்போன தாள்களை எறியாமல், மறுபக்கத்தில் சோதனை எழுத வகுப்புகளுக்குக் கொடுப்பார். அப்படி வந்த கட்டில் ஒரு தாளை மாஸ்ரர் திருப்பிப் பார்த்தார். கண் பளிச்சிட்டது. யாருடைய பெயரும் இல்லாத ஒரு வரவேற்புரை. வரிக்கு வரி உயிருள்ள பிழைகள்.

"ஏதோ பேச்சுப் போட்டிக்கு ஒரு சின்னப் பிள்ளை எழுதினது போலை கிடக்கு. பாவம், ஆசையாய் எழுதியிருக்கு" என்று என்னிடமும் காட்டினார். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனால் தலையை ஆட்டிவைத்தேன்.

பரீட்சை நெருங்கிய காலம். அந்தப் பந்தியைப் பிள்ளைகள் கிழமைக்கணக்காக அடித்துப் பழகினார்கள். தாளைப் பார்க்காமலே பிழை வரும் இடம் தெரிந்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளுக்கும் பாடமாகிவிட்டது. அந்தோனி அண்ணையும் முழுதாகத் தேறிவிட்டார்.

பிறகு பரிசளிப்பு விழா வந்தது. பிரதம விருந்தினர் லண்டனிலிருந்து வந்த ஒரு கனவான். இணுவிலில் பிறந்து வளர்ந்தவர், வேட்டி சால்வையோடு வந்து எல்லாரோடும் நல்ல தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார். ஆனால் லண்டன் என்று சொன்ன பிறகு டிரெக்டருக்கு ஆங்கிலம் பேசாமல் இருக்க முடியுமா? ரையைச் சரிசெய்துகொண்டு, எழுதிவைத்த தாளோடு மைக்கைப் பிடித்தார். முதல் வசனத்தை எடுத்துவிட்டார். அதன்படி பிரதம விருந்தினர் நாளைக்கு வந்துவிட்டார்.

மண்டபம் முழுக்க ஒரே அடி. கதிரைகள் அதிர்ந்தன. பிள்ளைகள் ஒரே குரலில் சரியான சொல்லைக் கத்தினார்கள்.

டிரெக்டர் அதைக் கைதட்டல் என்று நினைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாவது வசனத்தை இன்னும் உரத்த குரலில் சொன்னார். அதில் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து ஒரேயொரு ஆளாகியிருந்தார்கள். மறுபடியும் அடி, மறுபடியும் கூச்சல். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அந்த வசனத்தைக் கேட்டால் அவர்களுடைய கை தானாக எழும்பும் நிலைக்கு வந்திருந்தது. மூன்றாவது வசனத்தில் என் கணிதப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவதில் டிரெக்டருக்கு விளங்கியது. ஆனால் கையில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான், அதை விட்டால் வேறு ஆங்கிலம் அவரிடம் இல்லை. ஆற்றில் இறங்கிய மனிதர்போல் அக்கரையைப் பார்த்தே போனார்.

மாஸ்ரர் கடைசி வரிசையில் இருந்தார். தான் வகுப்பில் வாசித்தது டிரெக்டர் எழுதிய பேச்சைத்தான் என்று அவருக்கு முதல் வசனத்திலேயே தெரிந்துவிட்டது. கைலேஞ்சித் துணியால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். அப்படியே இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் டிரெக்டர் நாக்குத் தடுமாறி, தாளில் இல்லாத ஒரு புதுப் பிழையை விட்டார். பழகாத பிழை. பிள்ளைகள் ஒருவரும் கத்தவில்லை. மண்டபம் அமைதி. அந்த அமைதியைப் பொறுக்கமாட்டாமல், கைலேஞ்சிக்குள்ளிருந்து ஒரு தனிக் குரல் சரியான சொல்லைச் சொன்னது.

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

பிரதம விருந்தினர் வயிறு குலுங்கச் சிரித்தார். மைக்கை வாங்கி, "இப்பிடி உசாராய்க் கேக்கிற பிள்ளையளை நான் லண்டனிலையும் காணேல்லை. பிழை விட்டுப் பிள்ளையளைப் பிடிக்கச் சொல்லுற உங்கடை டிரெக்டரின்ரை யோசனை நல்ல சோக்கான யோசனை" என்றார். டிரெக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பிரதம விருந்தினர் பாராட்டிய பிறகு மாஸ்ரரை நேரடியாக நிறுத்த டிரெக்டருக்கு வழியில்லை. அதனால் அடுத்தநாள் ஒரு நிபந்தனை போட்டார்.

"இனி வெளியிலையிருந்து ஒரு வசனமும் வரக்கூடாது. பந்தி இந்த ரியூட்டறி வளவுக்குள்ளை எழுதினதாய் இருக்கவேணும். சனிக்கிழமை நானே வகுப்பிலை வந்து இருப்பன். ஏலாட்டிச் சொல்லுங்கோ, வேறை மாஸ்ரர் ஒராள் பாத்து வைச்சிருக்கிறன்."

அவருக்குத் தெரியும், மாஸ்ரரால் பிழை எழுத முடியாது என்று. எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமைக்கு முதல்நாள் மாஸ்ரர் வெறும் தாளோடு இருந்தார். இடக்கையால் எழுதிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் பார்த்தார். எழுத்து மட்டும் கோணலாக வந்தது, ஆங்கிலம் நேராகவே நின்றது.

"விடுங்கோ சேர்" என்றேன். "நான் எழுதுறன். முதல்லை சரியாய் எழுதிறன், பிறகு பத்து இடத்திலை கெடுத்துத் தாறன்."

"நீரோ?"

"ஏன், நானும் சோதினையிலை ஆங்கிலம் சித்தியடைஞ்சவன்தானே?"

என் வகுப்பறையில் இருந்து எழுதினேன். எதைப் பற்றி எழுதுவது? மூளையைக் கசக்கியும் ஒன்றும் வரவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் மாஸ்ரர் இருமும் சத்தம் கேட்டது. அவரைப் பற்றியே எழுதத் தொடங்கினேன். பெயர் போடவில்லை. ஒரு மாஸ்ரர் இருந்தார், சைக்கிளில் வந்தார், பலகைகளைத் திருத்தினார் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி வசனத்தில், அவருடைய வீட்டில் ஒருவரும் இல்லை, ஆனால் எங்களுக்கு அவர் இருக்கிறார் என்று எழுத நினைத்தேன். தமிழில் நினைத்தது அழகாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அது எப்படி வந்து விழுந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாஸ்ரர் தாளை வாங்கி மேலே நாலு வரி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

"தம்பி, இது சரியான பிரதியோ, கெடுத்த பிரதியோ?"

"சரியானது சேர். இனித்தான் கெடுக்கவேணும்."

மாஸ்ரர் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "நீர் இனி ஒண்டும் செய்யவேண்டாம் ராசா. இதே ஒரு வருசத்துக்குக் காணும்!"

மிச்சத்தை வாசிக்கக்கூட நிற்கவில்லை. போட்டோக்கொப்பி எடுக்க ஓடிவிட்டார். எனக்கு மானம் போனதா, பெருமையா என்று தெரியாமல் நின்றேன்.

சனிக்கிழமை டிரெக்டர் சொன்னபடியே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். மாஸ்ரர் வாசிக்கத் தொடங்கினார். நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் கையில் சோக்கட்டியோடு நின்றேன். ஒரு வசனமும் தப்பவில்லை. என் ஆங்கிலத்தின் மேல் அடி மேல் அடி விழுந்தது. என் பிள்ளைகளும் இந்தப் பக்கத்திலிருந்து சேர்ந்து அடித்தார்கள், அது யாருடைய ஆங்கிலம் என்று தெரியாமல். டிரெக்டரும் இரண்டு இடத்தில் வாங்கில் தட்டியதாகப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். இந்த முறை அடி விழுவது தனக்கில்லை என்ற சந்தோசம் போலும்.

கடைசி வசனம் வந்தது. மாஸ்ரர் அதை அன்றுதான் முதல்முறையாக வாசிக்கிறார். தொடங்கியது பெரிய குரல். நடுவில் அது சின்னதாகிவிட்டது. முடிக்கும்போது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வாங்குகள் வழக்கம்போல் அதிர்ந்தன. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி உற்சாகமாக எழும்பினாள்.

"சேர், இதிலை ரண்டு பிழை கிடக்கு! இல்லை, மூண்டு!"

வீதியில் அந்தோனி அண்ணையின் மோட்டார் சைக்கிள்கூட நின்றுவிட்டது போலிருந்தது.

"தெரியும் பிள்ளை" என்றார் மாஸ்ரர். "அது அப்பிடியே கிடக்கட்டும். நீர் இரும்."

டிரெக்டர் எழும்பிப் போனார். வேறு மாஸ்ரர் ஒருவரும் வரவில்லை. புல்ஸ்ரொப் மாஸ்ரர் இன்றைக்கும் அந்தத் தகரக் கொட்டகையில்தான் படிப்பிக்கிறார், இன்றைக்கும் ஊரிலுள்ள பிழைகள் அவரைக் கண்டால் ஓடுகின்றன.

அந்த மூன்று பிழையும் எங்கே இருக்கின்றன என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டால் அவர் ஒரு நொடியில் சொல்லித் தருவார். கேட்க எனக்கு மனம் வரவில்லை.